உங்களைக் குணமாக்கிய வைத்தியசாலைக்கு நிதி சேர்ப்பது எப்படி? பிரித்தானியத் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

நோய் தேறி வீடு வந்து சில மாதங்கள் போனபிறகு பலரும் கேட்கும் கேள்வி இது: "என்னைப் பார்த்த அந்த வாட்டுக்கு நான் ஏதாவது செய்ய வேணும். எங்கே தொடங்குவது?"

கேள்வி நியாயமானது. என்எச்எஸ் எனும் அரச சுகாதார சேவையின் வைத்தியசாலையில் இதயச் சத்திரசிகிச்சை செய்தாலும் மாதக்கணக்கில் கீமோ எடுத்தாலும் வெளியே வரும்போது யாரும் கையில் பில் தருவதில்லை. இரவிரவாகப் பக்கத்தில் நின்ற தாதிக்கு உறையில் வைத்துக் காசு நீட்டினால் வாங்க மாட்டார். வாங்கவும் கூடாது. காசையும் பரிசு வவுச்சரையும் ஊழியர்கள் எப்போதும் மறுக்க வேண்டும் என்பது என்எச்எஸ் வழிகாட்டல். 50 பவுணுக்கு மேற்பட்ட பரிசைத் தனக்கென்று எடுக்க முடியாது, நிறுவனத்தின் சார்பில்தான் ஏற்கலாம். ஆகவே நெருக்கிப் பிடித்து அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள். ஒரு நல்ல கடிதம் எழுதிக் கொடுங்கள். அதற்கு மேலும் செய்ய மனம் இருந்தால் முறையான வழி ஒன்று இருக்கிறது: அந்த வைத்தியசாலையின் அறக்கட்டளைக்கு நிதி சேர்ப்பது.

முன்னாள் இராணுவ வீரர் கப்டன் டொம் மூரை எல்லோருக்கும் நினைவிருக்கும். இடுப்பெலும்பு முறிவுக்கும் தோல் புற்றுநோய்க்கும் தன்னைப் பார்த்த என்எச்எஸ் ஊழியர்களுக்கு நன்றி சொல்லத்தான் அவர் 2020 ஏப்ரலில் நடக்கத் தொடங்கினார். நூறாவது பிறந்தநாளுக்கு முன் வீட்டு முற்றத்தில் 100 சுற்று, கையில் நடைச் சட்டம், இலக்கு 1,000 பவுண். ஏப்ரல் 30இல் அவருக்கு நூறு வயது நிறைந்தபோது சேர்ந்திருந்தது 3 கோடி 20 இலட்சம் பவுணுக்கு மேல். அது கொரோனா காலத்தின் ஒரு விதிவிலக்கு. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த முதல் 1,000 பவுண் இலக்கைத்தான். ஒரு வாட்டுக்கு 1,000 பவுண் பெரிய காசு.

"நாங்கள் வரியும் நஷனல் இன்சூரன்சும் கட்டுகிறோமே, பிறகு எதற்குத் தனியாகக் காசு?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். மருந்து, வைத்தியர் சம்பளம், சத்திரசிகிச்சைக் கூடம் எல்லாம் அரசின் பொறுப்பு. அறக்கட்டளை அதற்கு மேலே இருப்பதைப் பார்க்கிறது: பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் தாய் படுக்க ஒரு சாய்வுக் கதிரை, கீமோவில் முடி கொட்டாமல் காக்கும் குளிர்த் தொப்பி இயந்திரம், கெட்ட செய்தி சொல்வதற்கு நடைபாதை அல்லாத ஒரு சிறு அறை, இரவு வேலை செய்பவர்கள் பத்து நிமிடம் உட்கார ஓர் இடம். வாட்டில் கிடந்தவருக்கு இவற்றின் அருமை தெரியும்.

இன்னொரு கேள்வியும் வரும். "ஊரில் ஆஸ்பத்திரிகள் எவ்வளவு தேவையோடு இருக்கின்றன, இங்கே ஏன்?" அதிலும் நியாயம் உண்டு. 2011இல் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை இலங்கையின் நீளத்துக்கும் நடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி சேர்த்தார்கள். சிங்களவரும் தமிழரும் சேர்ந்து நடந்தார்கள். ஊருக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நாற்பது வருடமாக எங்கள் பிள்ளைகள் பிறந்ததும் எங்கள் பெற்றோர் கண்மூடியதும் நியூஹாமிலும் நோர்த்விக் பார்க்கிலும் டூட்டிங் சென் ஜோர்ஜஸிலும்தான். அவையும் எங்கள் வைத்தியசாலைகள். ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றதற்குக் குறையும் என்றில்லை.

சரி, வேலைக்கு வருவோம். கீழே சொல்பவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சில சட்டங்கள் வேறு.

முதலில் சரியான அறக்கட்டளையைக் கண்டுபிடியுங்கள்

வைத்தியசாலை வேறு, அதன் அறக்கட்டளை வேறு. ஒவ்வொரு வைத்தியசாலையும் ஒரு என்எச்எஸ் ட்ரஸ்டின், அதாவது அதை நிர்வகிக்கும் அமைப்பின், கீழ் இயங்கும். அந்த ட்ரஸ்டுக்குப் பெரும்பாலும் பதிவுசெய்யப்பட்ட அறக்கட்டளை ஒன்று இருக்கும். நியூஹாம், றோயல் லண்டன், விப்ஸ் குறோஸ் மூன்றும் பார்ட்ஸ் ஹெல்த் ட்ரஸ்டைச் சேர்ந்தவை. அவற்றுக்குப் பார்ட்ஸ் செரிட்டி. சென் ஜோர்ஜஸுக்கு சென் ஜோர்ஜஸ் ஹொஸ்பிட்டல் செரிட்டி. நாடு முழுவதும் இப்படி 200க்கும் மேற்பட்டவை உண்டு.

சில இடங்களில் ஒரே வைத்தியசாலைக்கு இரண்டு மூன்று அமைப்புகள் இருக்கும். வாசலில் சிறு கடை நடத்தும் தொண்டர் சங்கம் ஒன்று, புற்றுநோய்ப் பிரிவுக்கென்று தனி அறக்கட்டளை ஒன்று என்று. எல்லாமே நல்லவைதான். ஆனால் நீங்கள் நினைக்கும் வாட்டுக்குக் காசு போய்ச் சேரும் வழி எது என்பதைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் செரிட்டி கொமிஷனின் பதிவேட்டை யாரும் இலவசமாக இணையத்தில் பார்க்கலாம். பெயரைத் தேடி, பதிவு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு துண்டுப் பிரசுரத்திலும் அந்த இலக்கம் இருக்க வேண்டும்.

எதையும் அறிவிக்க முன் அவர்களோடு பேசுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்க முடியுமென்றால் இதை வைத்திருங்கள். மண்டபம் பிடித்து, நோட்டீஸ் அடித்து, பாட்டுக் குழுவுக்கு முற்பணமும் கொடுத்த பிறகு அறக்கட்டளைக்குச் சொல்வது எங்கள் ஆட்களின் வழக்கம். அதைத் தலைகீழாக்குங்கள். முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு அல்லது மின்னஞ்சல். "நான் இந்த வாட்டில் இருந்த நோயாளி. உங்களுக்கு நிதி சேர்க்க விரும்புகிறேன்" என்று சொன்னால் போதும். இதற்கென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். இது அவர்களுடைய அன்றாட வேலை. தயங்கத் தேவையில்லை, ஆங்கிலம் தடுமாறினால் பிள்ளைகளில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் உங்களுக்குப் பல உதவிகள் செய்வார்கள். அனுமதிக் கடிதம் தருவார்கள். கடையிலோ ரயில் நிலையத்திலோ மேலாளரிடம் போகும்போது அந்தக் கடிதம்தான் உங்கள் அடையாளம். முத்திரையிட்ட உண்டியல், ரீசேர்ட், சுவரொட்டி எல்லாம் தரக்கூடும். தங்கள் சின்னத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்வார்கள். நீங்கள் அறக்கட்டளையின் ஊழியர் அல்ல. அதற்கு உதவியாக நிதி சேர்க்கும் ஒருவர். நோட்டீஸிலும் அப்படித்தான் எழுத வேண்டும்: "இன்ன அறக்கட்டளைக்கு உதவியாக" என்று. அறக்கட்டளையே நடத்தும் விழா போலக் காட்டக்கூடாது.

எதற்காகச் சேர்க்கிறோம் என்பதை வாட்டோடு சேர்ந்து முடிவெடுங்கள்

"நாங்களே ஒரு மெஷின் வாங்கிக் கொடுப்போம்" என்பது பலரின் ஆசை. மெஷினில் உங்கள் பெயர்ப் பலகை இருப்பது மனத்துக்கு நிறைவுதான். ஆனால் நீங்களாகக் கடையில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். வைத்தியசாலைக்குள் நுழையும் ஒவ்வொரு கருவியையும் அவர்களுடைய மருத்துவப் பொறியியல் பிரிவு சோதிக்க வேண்டும். வருடா வருடம் பராமரிக்க வேண்டும். அதற்கென்று வாங்க வேண்டிய உதிரிகள் வேறு. பக்கத்து வாட்டில் வேறொரு கம்பனியின் கருவிக்குப் பழகிய தாதிக்கு உங்கள் கருவி புதிது. இவ்வளவையும் யோசித்துத்தான் அவர்கள் கொள்வனவு செய்கிறார்கள். நல்ல மனத்தோடு வாங்கிய பொருள் களஞ்சிய அறையில் கிடந்தால் யாருக்கு லாபம்?

விளையாட்டுப் பொருட்களுக்கும் இதே கதை. தொற்றுக்குப் பயந்து பஞ்சுப் பொம்மைகளைப் பல சிறுவர் வாட்டுகள் ஏற்பதில்லை. பாவித்த பொம்மைகளைக் கொண்டுபோகவே வேண்டாம்.

வாட்டின் பொறுப்புத் தாதியிடம் அறக்கட்டளை வழியாகக் கேளுங்கள்: "இப்போது உங்களுக்கு எது குறை?" வரும் பதில் நீங்கள் எதிர்பார்த்ததாக இராது. காத்திருக்கும் அறைக்கு நல்ல கதிரைகள், மறதி நோயாளருக்குப் பெரிய எழுத்து மணிக்கூடு, குளிர்சாதனப் பெட்டி ஒன்று என்று கேட்கக்கூடும். அதைக் கேட்டு ஏமாற்றமடையாதீர்கள். அங்கே வேலை செய்பவருக்குத்தான் தெரியும்.

அடுத்து, காசை ஒரு குறிப்பிட்ட வாட்டுக்கென்று கட்டிவைப்பதா, வைத்தியசாலையின் பொதுத் தேவைக்கு விடுவதா என்ற தெரிவு. "இந்த வாட்டுக்கு மட்டும்" என்று சொல்லிச் சேர்த்தால் சட்டப்படி அதற்குத்தான் செலவழிக்கலாம். ஒரு நோயாளிக்கு வாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்பது இயல்பு, கேட்பவர் மனத்திலும் அது பதியும். ஆனால் குறிப்பிட்ட ஒரு பொருளைச் சொல்லிக் கேட்டு, காசு போதாமல் விட்டால் அல்லது கூடிவிட்டால் சிக்கல். அதனால் அறிவிப்பில் ஒரு வசனம் சேருங்கள்: "இலக்கை எட்டாவிட்டாலோ மேலதிகமாகச் சேர்ந்தாலோ, அந்தத் தொகை இதே பிரிவின் வேறு தேவைகளுக்குப் பயன்படுத்தப்படும்." சரியான வசனத்தை அறக்கட்டளையே எழுதித் தரும்.

இணையப் பக்கம்

ஜஸ்ட்கிவிங் போன்ற தளத்தில் பக்கம் தொடங்குவது அரை மணி நேர வேலை. கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுதான். அந்தத் தளங்களில் இருவகைப் பக்கங்கள் உண்டு. ஒன்றில் அறக்கட்டளையின் பெயரைத் தெரிவுசெய்வீர்கள். காசு நேரே அவர்களுக்குப் போகும், உங்கள் கையில் படாது. மற்றது தனிப்பட்ட தேவைக்கான பக்கம்; அதில் காசு உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். உங்களுக்கு வேண்டியது முதலாவது. இரண்டாவதைத் தெரியாமல் தொடங்கினால் வரிச்சலுகையும் போகும், "காசு எங்கே போனது?" என்ற கேள்வியும் வரும்.

காசு அனுப்பும்போது தளம் தனக்கும் ஒரு சிறு தொகை தரும்படி கேட்கும். அது கட்டாயமில்லை, பூச்சியம் ஆக்கலாம். வயதானவர்கள் இதைக் கவனிக்காமல் கொடுத்துவிட்டுப் பிறகு கவலைப்படுவார்கள். இணைப்பை அனுப்பும்போதே ஒரு வரி சொல்லி விடுங்கள்.

இலக்கைக் குறைவாகத் தொடங்குங்கள். 500 பவுண் என்று வைத்து, எட்டியதும் 1,000 ஆக்கலாம். ஊரெல்லாம் இணைப்பை அனுப்ப முன் நெருங்கிய நாலைந்து பேரை முதலில் போடச் சொல்லுங்கள். வெறும் பக்கத்தில் முதல் ஆளாகக் காசு போட யாருக்கும் கூச்சம். முதல் ஆள் 50 போட்டிருந்தால் அடுத்தவர் 5 போட யோசிப்பார், 20 போடுவார்.

கிஃப்ட் எயிட்: எங்கள் பழக்கம் இடறும் இடம்

வரி கட்டும் ஒருவர் 10 பவுண் கொடுத்து, கிஃப்ட் எயிட் பெட்டியில் சரி போட்டால், அரசு அதற்கு மேலே 2 பவுண் 50 சேர்த்து அறக்கட்டளைக்குக் கொடுக்கும். ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ். கொடுப்பவருக்கு ஒரு சதமும் மேலதிகச் செலவில்லை. ஆகவே விடக்கூடாது. ஆனால் இதற்கு நிபந்தனைகள் உண்டு.

கொடுப்பவர் அந்த வருடம் பிரித்தானியாவில் போதிய அளவு வருமான வரியோ மூலதன ஆதாய வரியோ கட்டியிருக்க வேண்டும். வரி கட்டாத அம்மம்மாவும் படிக்கும் பிள்ளையும் சரி போடக்கூடாது. அறக்கட்டளை கோரும் தொகைக்கு அவர்கள் கட்டிய வரி போதாவிட்டால், அந்த வித்தியாசத்தை வரித் திணைக்களம் கொடுத்தவரிடமே கேட்கலாம். காகிதப் படிவத்தில் சேர்ப்பதானால் முழுப் பெயர், வீட்டு முகவரி, தபால் குறியீடு எல்லாம் கொடுப்பவருடையதாக இருக்க வேண்டும். வேலை செய்யும் இடத்தின் முகவரி செல்லாது.

இப்போது எங்கள் பழக்கத்துக்கு வருகிறேன். குடும்பத்தில், வேலைத்தலத்தில், கோயிலில் ஒருவர் எல்லோரிடமும் கைக்காசு வாங்கிச் சேர்த்து, தன் கார்டில் ஒரே தொகையாகப் போடுவார். மொய் எழுதுவது போல அது எங்களுக்கு இயல்பாக வருகிறது. அப்படிப் போடும்போது கிஃப்ட் எயிட் பெட்டியில் சரி போடக்கூடாது. அது அவருடைய காசு அல்ல, இருபது பேரின் காசு. ஊர்ச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ தன் கணக்கிலிருந்து கொடுப்பதற்கும் கிஃப்ட் எயிட் இல்லை, அது தனிமனிதர் கொடுப்பதற்குத்தான். முடிந்தவரை ஒவ்வொருவரையும் தங்கள் கைத்தொலைபேசியில் தாங்களே போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. காசுக்குப் பதில் ஏதாவது கிடைத்தால் அது நன்கொடை அல்ல, விற்பனை. இராப்போசன டிக்கெட், ரஃபிள் சீட்டு, ரோல்ஸ் வாங்கிய காசு எதற்கும் கிஃப்ட் எயிட் வராது. நிகழ்ச்சிக்கு 15 பவுண் டிக்கெட் வைத்து, மேசையில் நன்கொடைக்கென்று கியூஆர் குறியை வைத்தால், அந்தக் குறி வழியாக வருவதற்கு மட்டும் சலுகை கிடைக்கும்.

வேலை செய்யும் கம்பனியையும் மறக்காதீர்கள். ஊழியர் சேர்க்கும் தொகைக்குச் சமமாகத் தானும் போடும் திட்டம் பல பெரிய கம்பனிகளில் உண்டு. மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

என்ன செய்து சேர்ப்பது?

உங்கள் உடம்புதான் முதல் விதி. சத்திரசிகிச்சை முடிந்து மூன்று மாதத்தில் அரை மரதன் ஓடப் போகிறேன் என்று நிற்காதீர்கள். ஓட்டமோ மலையேற்றமோ எதுவென்றாலும் உங்களைப் பார்க்கும் வைத்தியரிடம் கேளுங்கள். கீமோ காலத்தில் ஆட்கள் நெருக்கும் மண்டபம் நல்லதல்ல. நீங்கள் வீட்டில் இருந்துகொண்டு பிள்ளைகளை நடக்கவிடலாம், அதுவும் உங்கள் முயற்சிதான். லண்டன் மரதனில் அறக்கட்டளை வழியாக இடம் பிடித்தால் பொதுவாக 2,000 பவுண் அளவில் சேர்ப்பதாக வாக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். புதியவர்களுக்கு உள்ளூர்ப் பூங்காவில் ஐந்து கிலோமீற்றர் நடை போதும்.

புதிதாக ஒன்றை உருவாக்குவதை விட, ஏற்கெனவே நடக்க இருக்கும் ஒன்றில் சேர்ந்துகொள்வது எளிது. அரங்கேற்றத்தில் "பரிசு வேண்டாம், விரும்பினால் இந்த அறக்கட்டளைக்கு" என்று அழைப்பிதழில் போடுவதை இப்போது பல குடும்பங்கள் செய்கின்றன. அறுபதாம் பிறந்தநாள், தமிழ்ப் பாடசாலை விளையாட்டுப் போட்டி, பூப்பந்துச் சுற்றுப்போட்டி, துடுப்பாட்டக் கழகத்தின் வருட முடிவு ஒன்றுகூடல் எல்லாமே பொருந்தும். மரண வீட்டில் மலர்வளையத்துக்குப் பதிலாக என்று கேட்பதும் உண்டு. அதைக் குடும்பத்தார்தான் சொல்ல வேண்டும், வெளியார் தூண்டக்கூடாது.

சாப்பாடு விற்பதானால் இதைக் கவனமாக வாசியுங்கள். இந்த நாட்டில் உணவு விற்கும் இடங்கள் சொல்ல வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் 14. எங்கள் சமையலில் அவை எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்பது எங்களுக்கே தெரிவதில்லை. கடுகு அந்தப் பட்டியலில் இருக்கிறது; தாளித்த எல்லாவற்றிலும் கடுகு உண்டு. எள் இருக்கிறது, நல்லெண்ணெய் விட்டால் எள் சேர்ந்தது. பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும், ஆகவே உழுந்து வடை கூடக் கோதுமை ஒவ்வாதவருக்கு ஆபத்தாகலாம். பாயசத்தில் கஜுவும் பாலும். சம்பலில் மாசி போட்டால் மீன். "மரக்கறிதானே" என்று எடுத்துச் சாப்பிட்டவருக்கு அது தெரியாது. ரோல்ஸில் முட்டை, கோதுமை. சமைத்துக் கொண்டுவரும் ஒவ்வொருவரிடமும் என்ன போட்டீர்கள் என்று எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு தட்டுக்கு முன்னும் சிறு அட்டை வையுங்கள். சிகிச்சை பெற்ற இடத்துக்கு நிதி சேர்க்கும் நிகழ்ச்சியிலிருந்து ஒருவரை அம்புலன்ஸில் அங்கே அனுப்பக்கூடாது.

புரியாணியும் கொத்தும் சூடாக இருக்க வேண்டும். 63 பாகைக்கு மேல் வைத்திருப்பதுதான் இங்குள்ள விதி. காலையில் சமைத்த சோற்றை மாலைவரை மேசையில் விடுவது வேண்டாம். ஆறிய சோற்றில் வளரும் கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

ரஃபிள் இல்லாத தமிழ் நிகழ்ச்சி இல்லை. சீட்டை நிகழ்ச்சி நடக்கும் இடத்தில், நடக்கும் நேரத்தில் மட்டும் விற்றால் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. முன்கூட்டியே கடைகளிலும் வீடுகளிலும் விற்பதானால் சூதாட்டச் சட்டத்தின் கீழ் வேறு வகை. அதற்கு உள்ளூராட்சிச் சபையான கவுன்சிலில் பதிவு வேண்டும், அதை அறக்கட்டளையின் பெயரில்தான் செய்ய வேண்டியிருக்கும். முதல் தடவை செய்பவர்கள் நிகழ்ச்சிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் உண்டியல் குலுக்க கவுன்சிலின் அனுமதி வேண்டும். லண்டனின் பெரும்பகுதியில் அது மெற்றோபொலிற்றன் பொலிஸிடம் எடுப்பது. கடைக்குள், கோயில் வளவுக்குள் என்றால் உரியவரின் சம்மதம் வேண்டும். தெருவில் உண்டியல் பிடிப்பவருக்குக் குறைந்தது 16 வயது, லண்டனில் 18. சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று சிரிக்கலாம், உண்டியல் பெரியவர் கையில்.

மது விற்றால், அல்லது டிக்கெட் விலைக்குள் மது அடங்கியிருந்தால், மண்டபத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கவுன்சிலிடம் தற்காலிக நிகழ்ச்சி அறிவித்தல் கொடுக்கலாம். கட்டணம் 21 பவுண். வேலை நாள் பத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும், ஆட்கள் 500க்குக் குறைவாக இருக்க வேண்டும். என் கருத்து, வைத்தியசாலைக்கான நிகழ்ச்சியில் மது வேண்டியதில்லை.

எங்கள் ஆட்களிடம் கேட்பது

கூச்சத்தை விடுங்கள். உங்களுக்காக அல்ல கேட்கிறீர்கள். செய்தி சுருக்கமாக இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

"அன்பான உறவுகளே, போன வருடம் எனக்கு மார்பகப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். இன்று சுகமாக இருக்கிறேன். நான் சிகிச்சை எடுத்த பிரிவில் முடி கொட்டாமல் காக்கும் இயந்திரம் இன்னொன்று தேவைப்படுகிறது. அதற்காக வைத்தியசாலையின் அறக்கட்டளைக்கு நிதி சேர்க்கிறேன். காசு நேரே அவர்களுக்குப் போகும். 5 பவுணும் உதவிதான். வரி கட்டுபவர்கள் கிஃப்ட் எயிட் பெட்டியில் சரி போடுங்கள். தளம் தனக்கென்று கேட்கும் தொகை கட்டாயமில்லை. இதோ இணைப்பு."

என்ன நோய் என்று சொல்ல விரும்பாவிட்டால் சொல்ல வேண்டாம். "பெரிய வருத்தம் ஒன்றிலிருந்து தேறினேன்" என்பதே போதும். எங்கள் சமூகத்தில் புற்றுநோய், மனநோய் பற்றிய பேச்சு வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. துணிந்து சொல்பவர்களால் இன்னொருவர் நேரத்துக்குப் பரிசோதனைக்குப் போகிறார் என்பது உண்மை. ஆனாலும் அது உங்கள் உடம்பு, உங்கள் முடிவு. பிள்ளையின் நோயைப் பற்றி எழுதுவதானால் அந்தப் பிள்ளை பதினெட்டு வயதில் அதை வாசிக்கும் என்று நினைத்து எழுதுங்கள். தாதியர், வைத்தியர் பெயர்களைக் கேட்காமல் போடக்கூடாது. வாட்டில் எடுத்த படத்தில் பக்கத்துக் கட்டில்காரர் விழுந்திருந்தால் அந்தப் படம் வேண்டாம்.

வட்ஸ்அப்பில் ஒரு தடவை அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். நல்ல மனம் உள்ளவர்களும் மறந்துபோவார்கள். சம்பளம் வந்த கிழமையில் ஒரு தடவை, நிகழ்ச்சிக்கு முதல் நாள் ஒரு தடவை, முடிந்த அன்றிரவு படத்தோடு ஒரு தடவை. குழுவில் போடுவதை விட ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனியாக எழுதினால் பலன் பல மடங்கு. கொடுக்காதவரின் பெயரை எங்கும் எடுக்காதீர்கள். யாருடைய வீட்டில் என்ன கஷ்டம் என்று தெரியாது.

மண்டபம், ஒலிபெருக்கி, அச்சுச் செலவுக்குக் கடைக்காரரிடம் கேளுங்கள். பலசரக்குக் கடை, நகைக்கடை, கணக்காளர், வீட்டுக்கடன் முகவர் எல்லோரும் தேருக்கும் கலைவிழாவுக்கும் விளம்பரம் கொடுப்பவர்கள்தான். செலவை அவர்கள் பொறுத்தால், "நீங்கள் தரும் ஒவ்வொரு பவுணும் வைத்தியசாலைக்கு" என்று நிமிர்ந்து சொல்லலாம். செலவு கழித்துத்தான் கொடுப்பதானால் அதை டிக்கெட்டிலேயே எழுதிவிடுங்கள்.

காசும் கணக்கும்

எங்கள் சங்கங்கள் உடைந்த கதைகளில் பாதி காசில் தொடங்கியவை. கப்டன் டொம் சேர்த்த பெரும் தொகை முறையாக என்எச்எஸ் அறக்கட்டளைகளுக்குப் போனது. பிறகு அவர் பெயரில் குடும்பத்தார் தொடங்கிய வேறொரு அமைப்பைப் பற்றித்தான் செரிட்டி கொமிஷன் 2024 நவம்பரில் கடுமையான அறிக்கை வெளியிட்டது. குடும்பத்தார் தனிப்பட்ட ஆதாயம் பெற்றார்கள் என்று அதில் சொன்னது. நாடே கொண்டாடிய பெயருக்கே அந்த நிலை.

ஆகவே முதல் நாளே ஒழுங்கைப் போட்டுவிடுங்கள். கைக்காசை எண்ணும்போது எப்போதும் இருவர், ஒரே வீட்டைச் சேராத இருவராக இருந்தால் நல்லது. உண்டியலை நிகழ்ச்சி முடியும் வரை திறக்கக்கூடாது. எண்ணிய தொகையை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, அங்கேயே படம் எடுத்து வையுங்கள். அதை உங்கள் சொந்தக் கணக்கில் போட்டுப் பிறகு மாற்றலாம் என்று வைத்திருக்காதீர்கள். சில்லறையை எப்படிச் செலுத்துவது என்று அறக்கட்டளையிடம் முன்பே கேட்டு, அடுத்த சில நாட்களுக்குள் கட்டி, பற்றுச்சீட்டு வாங்குங்கள். அந்தக் காசிலிருந்து "நாளைக்குத் தருகிறேன்" என்று பத்துப் பவுண்கூட எடுக்க விடாதீர்கள், அண்ணன் கேட்டாலும்.

முடிந்த பிறகு

ஒரு கிழமைக்குள் மொத்தக் கணக்கைக் குழுவில் போடுங்கள்: இணையத்தில் எவ்வளவு, கைக்காசு எவ்வளவு, செலவு எவ்வளவு, யார் பொறுத்தது. அறக்கட்டளை அனுப்பும் நன்றிக் கடிதத்தின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். கொடுத்தவர்களுக்கு, சமைத்தவர்களுக்கு, கதிரை அடுக்கிய இளைஞர்களுக்குத் தனித்தனியாக நன்றி சொல்லுங்கள்.

வாட்டுக்குப் போய்ப் பெரிய காசோலையோடு படம் எடுக்க ஆசையென்றால் அறக்கட்டளை மூலம் நேரம் கேளுங்கள். சொல்லாமல் போகக்கூடாது. தாதியருக்கு வேலை நேரம், உள்ளே மற்ற நோயாளிகள். பல இடங்களில் அதை அறக்கட்டளையின் அலுவலகத்திலோ வாசலிலோ வைத்துச் செய்வார்கள். போகும்போது இரண்டு மூன்று பேர் போதும்.

கிஃப்ட் எயிட் தொகை அறக்கட்டளைக்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆகலாம், கம்பனி தரும் சமபங்கும் அப்படித்தான். ஆகவே முதலில் சொன்ன மொத்தம் பிறகு கூடும். கூடியதும் அதையும் குழுவில் அறிவியுங்கள். பொருளை வாங்க இன்னும் காலம் எடுக்கும். ஆறு மாதம் கழித்து அறக்கட்டளைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, வாங்கிவிட்டார்களா, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். வரும் பதிலையும் படத்தையும் காசு கொடுத்த ஒவ்வொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.